சந்தனம் முதலில், ஊது அப்புறம்

ஊது எண்ணெய், அதாவது அகில் மரத்து எண்ணெய், வாங்க வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கொஞ்ச நாள் ஊதைத் தொடாமல் இருங்கள். சந்தனத்தோடு ஒரு மாதமாவது பழகிவிட்டு அப்புறம் அந்தப் பக்கம் வாருங்கள். சந்தனம் மெல்லப் பேசும் ஆள். ஊது நாலு வீடு தள்ளிக் கேட்கிற மாதிரி பேசும். ஊதை முகர்ந்த மூக்குக்கு அன்று முழுக்கச் சந்தனம் வெறும் எண்ணெயாகத்தான் தெரியும். இரண்டையும் ஒரே கடையில், ஒரே அரைமணி நேரத்தில் முகர்ந்துவிட்டு, ‘சந்தனத்தில் ஒன்றுமே இல்லையே’ என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர்.

நான் மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். வாசனை பூசிக்கொண்டு வேலைக்குப் போவது நோயாளிகளுக்கு ஆகாது. அதனால் என் முகர்தல் எல்லாம் ஓய்வு நாளில், சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வீட்டு வரவேற்பறையில்தான். அளந்து பார்க்கும் புத்தி மட்டும் வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டது. எண்ணெயை ஒப்பிடுவதில் பாதி வேலை அளவும் நேரமும்தான் என்பது என் கட்சி.

சந்தனத்துக்கு ஓர் அடிப்படை மணம் மனத்தில் பதிய வேண்டும். அதற்குக் குப்பி தேவையில்லை. மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த சந்தனக் கல் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு சிறு கட்டையை எடுத்து, கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு இழைத்துப் பாருங்கள். முதலில் ஈர மரத்தின் வாசம் வரும். பிறகு மெதுவாகப் பால் காய்ந்து ஏடு கட்டும்போது வருகிற ஒரு கொழுமை. அதன் அடியில் லேசான இனிப்பும், மூக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பும். இதை அறிந்த மூக்கோடு எண்ணெய்க் கடைக்குப் போனால் பாதி ஏமாற்று வாசலிலேயே தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இங்கே தேக்காக் கடைகளில் பூசைச் சாமானோடு விற்கும் சந்தனப் பொடியை வைத்து இந்தப் பாடத்தைப் படிக்காதீர்கள். பலவற்றில் வாசனை தனியாகச் சேர்த்திருப்பார்கள். செம்மரக் கட்டையும் வேண்டாம். அது வேறு மரம், அதற்குச் சந்தன மணம் கிடையாது.

எண்ணெய்க்கு வருவோம். சந்தன எண்ணெயின் உயிர் சாண்டலால் என்ற பொருள். ஐஎஸ்ஓ 3518 என்ற உலகத் தரத்தின்படி இந்தியச் சந்தன வகை எண்ணெயில் ஆல்பா சாண்டலால் 41 முதல் 55 சதவீதமும், பீட்டா சாண்டலால் 16 முதல் 24 சதவீதமும் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் ஆய்வுத் தாள் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. இந்த இரண்டு எண்களை மட்டும் பாருங்கள், மற்றதை விடுங்கள்.

எல்லாக் குப்பியிலும் ‘மைசூர்’ என்று எழுதியிருக்கும். திப்பு சுல்தான் 1792-இல் சந்தனத்தை அரசுக்குரிய மரம் என்று அறிவித்த நாளிலிருந்து அந்த ஊர்ப் பெயருக்கு ஒரு மவுசு. ஆனால் கேரளத்து மறையூரில் வளர்வதும் நம் ஜவ்வாது மலையில் வளர்வதும் அதே இனம்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் குனுனுரா பக்கம் தோட்டம் போட்டு வளர்ப்பதும் அதே இனம்தான். வேறுபாட்டை உண்டாக்குவது மரத்தின் வயது. வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலும் வேரிலும்தான் எண்ணெய் சேரும். இளமரத்து எண்ணெய் சுத்தமாக இருந்தாலும் மணம் மெலிந்தே இருக்கும். ஆஸ்திரேலியாவுக்கே உரிய இன்னொரு சந்தன இனம் உண்டு. அதில் சாண்டலால் குறைவு, மணம் வறண்டு, கொஞ்சம் கசப்பாக இருக்கும். அதை மட்டம் என்று தள்ள மாட்டேன், கோடையில் எனக்குப் பிடிக்கும். இந்தியச் சந்தனத்தின் விலைக்கு அதை வாங்காமல் இருந்தால் சரி. ‘மேற்கிந்தியச் சந்தனம்’ என்ற பெயரில் வருவது அமைரிஸ் என்ற வேறு செடியின் எண்ணெய்.

செயற்கைச் சந்தனத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. சாண்டலோர், ஜாவனால் போன்ற பொருள்கள் அறைக்குள் நுழையும்போதே முன்னால் வந்து நிற்கும். நிஜச் சந்தனம் தோலை ஒட்டியே இருக்கும். மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனால்தான் முழுதாகக் கிடைக்கும். எவ்வளவு நல்ல எண்ணெயாக இருந்தாலும் சிலர் மூக்குக்குச் சாண்டலால் சரியாக எட்டாது என்பதும் உண்மை. என் கணவர் அந்த ரகம். அவரை நடுவராக வைத்துக்கொண்டு நான் சந்தனம் வாங்குவதில்லை.

இனி ஒப்பிடும் முறை. ஒரு நாளைக்கு இரண்டு எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று, மணிக்கட்டிலிருந்து நாலு விரல் மேலே. சோப்பு வாசனை இல்லாத கை வேண்டும். சானிடைசர் தேய்த்த கையானால் கழுவிக் காய விடுங்கள். புது எண்ணெய் என்றால் முந்தின நாளே முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து, தடிப்போ அரிப்போ வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கைக்கும் ஒரே அளவு என்பது முக்கியம். துளி அளவு எண்ணெய்க்கு எண்ணெய் மாறும், கெட்டியானது பெரிய துளியாக விழும். அதனால் கண்ணாடிக் குச்சியின் நுனியை நனைத்து, குப்பியின் வாயில் ஒருமுறை வழித்துவிட்டு, ஒரு சின்னக் கோடு மட்டும் இழுங்கள். தேய்க்காதீர்கள். அதே நேரத்தில் வெள்ளைப் பருத்தித் துணியின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கோடு இழுத்துப் பெயர் எழுதி வையுங்கள். அந்தத் துணி மறுநாள் காலைக்கு.

முகரும்போது இழுத்து மூச்சு வாங்க வேண்டாம். நாய் மோப்பம் பிடிப்பதுபோலச் சின்னச் சின்ன மூச்சு, பிறகு கையை விலக்கிவிட வேண்டும். தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். கடைகளில் காபிக் கொட்டைக் கிண்ணம் நீட்டுவார்கள். வெறும் காற்றைவிட அது பெரிதாக உதவுவதில்லை. சொந்தச் சட்டைத் தோளை முகர்ந்துவிட்டு வாசலில் போய் நின்றால் போதும்.

பூசியதும் ஒரு குறிப்பு, அரைமணி கழித்து ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, மாலையில் ஒன்று, காலையில் துணியைப் பார்த்து ஒன்று. என் கைப்பேசியில் இந்தக் குறிப்புகள் எல்லாம் தமிழில்தான் இருக்கின்றன: கருப்பட்டி, பழைய தோல் செருப்பு, வெற்றிலைப் பெட்டி, முற்றின பலா, மழைக்கு முன்பு வரும் மண். விளம்பரத்தில் படித்த சொற்களை எழுதினால் அடுத்த முறை அது உங்களுக்கே விளங்காது. முதல் பத்து நிமிடத்தை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். கலப்பட எண்ணெய்க்கு அந்தப் பத்து நிமிடம்தான் முழு வாழ்க்கை. காலையில் துணியில் ஒன்றும் இராது, அல்லது ஒரு வாசனைத் திரவியப் பவுடர் நெடி மட்டும் மிஞ்சும்.

சிங்கப்பூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வெளியே 32 டிகிரி, புழுக்கம், எம்ஆர்டிக்குள் குளிர். வெயிலில் விரிகிற எண்ணெய் ரயிலுக்குள் சுருண்டு படுத்துவிடும். ஆகவே ஒப்பிடும் நாளில் வீட்டிலேயே இருங்கள், ஏர்கானை நிறுத்தி மின்விசிறியைக் குறைத்து வையுங்கள். பிடித்துப்போன எண்ணெயை மட்டும் இன்னொரு நாள் வெளியே எடுத்துப் போய்ப் பாருங்கள்.

ஒரு மாதம் ஆகிவிட்டதா? சரி, பூகிஸ் எம்ஆர்டியில் இறங்கி, சுல்தான் பள்ளிவாசல் குவிமாடத்தைப் பார்த்து நடங்கள். கம்போங் கிளாமில், அராப் ஸ்திரீட்டிலும் பசோரா ஸ்திரீட்டிலும், மதுசாரம் சேராத அத்தர் விற்கும் பழைய கடைகள் இருக்கின்றன. வார நாளில் காலையிலேயே போங்கள். சுற்றுலாக் கூட்டம் வந்தால் கடைக்காரருக்குப் பேச நேரம் இராது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம் வேண்டாம். நான் போகும் கடையில் வயதான தமிழ் முஸ்லிம் ஒருவர் இருப்பார். மூடியோடு ஒட்டிய கண்ணாடிக் குச்சியைச் சுற்றி எடுத்து, தேன் நிறத்தில் தொங்கும் துளியைக் குப்பியின் கழுத்திலேயே விட்டுவிட்டு, மீதியை என் கையில் வைப்பார். நான் உடனே மூக்கைக் கொண்டுபோனால், “இப்பப் பார்க்காதீங்க தங்கச்சி. போய்ச் சாப்பிட்டுட்டு, அசருக்கு அப்புறம் வந்து சொல்லுங்க” என்பார். அசர் என்பது மாலைத் தொழுகை. விற்க அவசரப்படாத கடைக்காரரிடம் வாங்குங்கள். ‘பாய், போய்ட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு கிளம்புவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஊது என்பது அகில் மரத்துப் பிசினின் எண்ணெய். நோயில்லாத அகில் மரம் வெளிறின, மணமற்ற மரம். காயம் பட்டு, பூஞ்சை ஏறி, அதை எதிர்க்க மரம் சுரக்கும் கரும்பிசின்தான் மணம். எந்த ஊர், எந்தப் பூஞ்சை, எத்தனை வருடம், வடிப்பதற்கு முன் எத்தனை நாள் தண்ணீரில் ஊறியது என்பதைப் பொறுத்து எண்ணெய் தலைகீழாக மாறும். சந்தனத்தில் நல்லது, சுமார் என்று வரிசைப்படுத்தலாம். ஊதில் அந்த வரிசை செல்லாது. வகைக்குள்தான் ஒப்பிட முடியும்.

கடைக்காரர்கள் ‘ஹிந்தி’ என்று சொல்வது அசாம் பக்கத்து எண்ணெய். கட்டையை நெடுநாள் ஊறவைத்து வடிப்பதால் முதலில் மாட்டுக் கொட்டகை, ஈரத்தோல், புகை. அதைப் பூசிக்கொண்டு மின்தூக்கியில் ஏறினால் பக்கத்து வீட்டுக்காரர் தன் செருப்பைத் தூக்கிப் பார்ப்பார். பொறுத்திருந்தால் சில மணி நேரம் கழித்து அந்த நெடி இறங்கி, உலர்ந்த, கம்பீரமான ஒரு மரவாசம் வரும். எனக்குப் பிடித்த வகை இதுதான், ஆனால் யாருக்கும் முதல் ஊதாகச் சொல்ல மாட்டேன். ‘கம்போடி’ இனிப்பு, பழவாசம், காய்ந்த திராட்சை. ஆரம்பிப்பவர்களுக்கு அதுவே சுலபம். அந்தப் பெயரில் வருவதில் பலவும் தாய்லாந்துத் தோட்டத்து மரம். நன்றாக இருந்தால் அதனாலென்ன? போர்னியோ எண்ணெயில் கொட்டகை நெடி குறைவு. குளிர்ச்சி, பச்சிலை, அடியில் வனிலா மாதிரி ஓர் இனிப்பு. சந்தனத்திலிருந்து வருபவர்களுக்குப் பெரும்பாலும் இதில்தான் மனம் ஒட்டும்.

ஹிந்தியையும் போர்னியோவையும் இரண்டு கையில் பூசி ‘எது உயர்த்தி’ என்று கேட்பது வீண். இரண்டு போர்னியோவை எடுங்கள். எதில் இனிப்பு சீக்கிரம் வருகிறது, எதில் நடுவே ரப்பர் மாதிரி ஒரு நெருடல் தட்டுகிறது, எது மாலையிலும் மாறிக்கொண்டே இருக்கிறது என்று பாருங்கள். காலையில் பூசியபோது இருந்த அதே வாசனை இரவிலும் அசையாமல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நிறத்தை நம்பாதீர்கள், கருத்த எண்ணெய் பழையதாகவும் இருக்கலாம், பாத்திரத்தின் கோளாறாகவும் இருக்கலாம். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, கறை நின்றால் கலப்படம் என்று சிலர் சோதிப்பார்கள். சந்தனமும் ஊதும் மெதுவாக ஆவியாகும் கனமான எண்ணெய்கள், சுத்தமானதன் கறையும் நாள்கணக்கில் நிற்கும்.

எண்ணெய் மட்டும் ஊதின் முழுக் கதை ஆகாது. கட்டையைச் சூடாக்கும்போது வெளிவரும் சில பொருள்கள் எண்ணெயில் அவ்வளவாக ஏறுவதில்லை. அதனால் கொஞ்சம் கட்டைச் சீவலும் வாங்கி வையுங்கள். மலேசியா, இந்தோனேசியாக் கட்டை சிங்கப்பூர் வழியாகத்தான் நெடுங்காலமாகக் கைமாறுகிறது, இங்கே கிடைப்பது சுலபம். வீவக அடுக்குமாடி வீட்டில் கரி போட்டுப் புகைக்க வேண்டாம். சூட்டைக் குறைக்க வசதியுள்ள மின்தூபக்கால் போதும். புகை கிளம்புவதற்கு முந்தின சூட்டில்தான் மணம் நன்றாக இருக்கும். 2018-க்குப் பின் கட்டிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி வேறு இருக்கிறது, அது கத்த ஆரம்பித்தால் புளோக்கே எழுந்துவிடும்.

வாங்கும்போது தோலாக் கணக்கு சொல்வார்கள். ஒரு தோலா 11.66 கிராம், ஏறக்குறைய 12 மில்லி. கால் தோலா 3 மில்லி. நல்ல ஊதில் அந்தக் கால் தோலாவே சில நூறு வெள்ளி கேட்கும். அதனால் முதலில் 1 மில்லியோ, அதற்கும் குறைவோ கேளுங்கள். குச்சிக் கோடாகப் பூசினால் அதுவே மாதக்கணக்கில் வரும். கண்ணாடிக் குப்பியில், வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். ரப்பர் தலை வைத்த சொட்டு மூடி வேண்டாம், எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும்.

ஊருக்குப் போகும்போது தம்பிக்கு, மாமாவுக்கு என்று எடுத்துப்போகிறவர்களுக்கு ஒன்று: அகில் மர இனங்கள் அனைத்தும் 2005 முதல் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. சொந்த உபயோகத்துக்கு ஒரு பயணி 24 மில்லி எண்ணெயும் 1 கிலோ சீவலும் வரை அனுமதிச் சீட்டின்றி எடுத்துப்போகலாம் என்பது அந்த ஒப்பந்தத்தின் விலக்கு. 24 மில்லி என்றால் இரண்டு தோலா. சில நாடுகள் இதைவிடக் கடுமையாக வைத்திருக்கலாம், இறங்கும் நாட்டின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விலக்கு அளவுக்கு மேல் கொண்டுபோவதானால் இங்கே தேசியப் பூங்காக் கழகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். கடை ரசீதில் மில்லி அளவை எழுதச் சொல்லிக் குப்பியோடு வைத்துக்கொள்ளுங்கள்.