மில்லை விற்கும்போது விலையைக் கெடுக்கும் தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஒரு அரிசி மில் விலைக்கு வருகிறது என்றால் பேச்சு மனை விலையில்தான் ஆரம்பிக்கும். "மெயின் ரோட்டு மேல ரெண்டு ஏக்கர்" என்று தொடங்கி, பாய்லர், டிரையர், சார்ட்டெக்ஸ் (நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் மெஷின்) என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். இது இடம் விற்பவர் போடும் கணக்கு. தொழிலை வாங்க வருபவர் பார்ப்பது வேறு. நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு இந்த மில் வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கும், அதற்கு என்ன ஆதாரம்?

அந்த ஆதாரத்தைப் பலர் தாங்களே இல்லாமல் செய்து வைத்திருக்கிறார்கள். தவிடு, உமி, குருணை விற்ற காசு கணக்கில் ஏறாது. விற்கும் நேரத்தில் மட்டும், "உண்மையான லாபம் வேற சார், இந்த நோட்டைப் பாருங்க" என்பார்கள். யார் நம்புவார்? உண்மை லாபம் 20 லட்சம், காட்டியது 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் மூன்று வருஷ லாபத்தை விலையாகத் தருகிறார் என்றால், 60 லட்சம் வர வேண்டிய இடத்தில் 24 லட்சம்தான் வரும். போனது 36 லட்சம். கடைசி மூன்று வருஷமாவது முழுக்கணக்கு காட்டியிருந்தால், வருஷா வருஷம் மறைத்த 12 லட்சத்துக்கு 30 சதவீதம் போட்டாலும் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 10.8 லட்சம்தான் வரி, செஸ் தனி.

விவரம் தெரிந்தவர் அந்த நோட்டைத் தொடக்கூட மாட்டார். கரண்ட் பில்லைக் கேட்பார். இத்தனை யூனிட் ஓடியிருந்தால் இத்தனை டன் அரைத்திருக்க வேண்டும் என்று போட்டுப் பார்ப்பார். ஒட்டவில்லை என்றால், அப்புறம் ஒவ்வொரு காகிதத்தையும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார்.

அடுத்தது, ஒரே இடத்தை நம்பி ஓட்டுவது. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல்லை அரைத்து, 100 கிலோவுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி கொடுத்துவிட்டுக் கூலி வாங்குவது நிம்மதியான வேலைதான். ஆனால் ஒப்பந்தம் உங்கள் பெயரில். மில்லை வாங்குபவருக்கும் அது தொடரும் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. சொந்தப் பெயரில் பொன்னி மூட்டை போட்டு நாலு ஊர்க் கடைகளுக்கு அனுப்பும் மில் என்றால், அதே மெஷினுக்குக் கூடுதல் விலை கேட்கலாம். அந்தப் பெயரை டிரேட்மார்க் பதிவு செய்து, 10 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பங்காளி ஒருவர் அதே பெயரில் மூட்டை போட்டுவிடுவார்.

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. கட்டடம் உங்களுடையது, மனை கோயிலுடையது, ரசீது இன்னும் தாத்தா பெயரில். அறநிலையத் துறைச் சட்டம் 34ஆம் பிரிவின்படி ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை ஆணையர் அனுமதி இல்லாமல் செல்லாது. வாங்குபவரின் வக்கீல் முதலில் தோண்டுவது இதைத்தான். அட்வான்ஸ் வாங்கிய பிறகு இந்த அனுமதிக்கு அலையத் தொடங்கினால், தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அவர் விலையைக் குறைத்துக் கேட்பார்.

எந்த வியாபாரிக்கு எத்தனை நாள் கடன், சம்பா அறுவடையில் எந்தப் புரோக்கர் ஈர நெல்லைத் தள்ளிவிடுவார் என்பதெல்லாம் முதலாளி தலையில் மட்டும் இருப்பதும் தவறுதான். மேனேஜருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மில்லைப் பூட்டிவிட்டு வாங்க ஆள் தேடாதீர்கள். வேலையாட்கள் வேறு மில்லுக்குப் போய்விடுவார்கள். தவிர, ஓடுகிற தொழிலை அப்படியே மொத்தமாகக் கைமாற்றினால் அதற்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. மெஷின் தனி, சரக்கு தனி என்று பிரித்து பில் போட்டால் அந்த விலக்கு கிடைக்காது.