42-0 போதுமா? ஒரு குத்துச்சண்டை சாம்பியனை வரலாற்றோடு எடைபோடும் முறை

குத்துச்சண்டை பார்க்க ஆரம்பித்த புதிதில், எக்காலத்துக்கும் சிறந்த வீரர் யார் என்ற விவாதம் எனக்கு ரொம்பச் சுலபமாகத் தெரிந்தது. ஃபிளாய்ட் மேவெதர் 50 சண்டை, 50 வெற்றி. ஷுகர் ரே ராபின்சன் 19 முறை தோற்றவர். அப்புறம் என்ன பேச்சு? இப்படிச் சொல்லித்தான் ஒரு நண்பரிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். "அந்த 19இல் 16 எப்போது வந்தது தெரியுமா?" என்று கேட்டார். தெரியவில்லை. ராபின்சன் 1952இல் ஓய்வு பெற்று, 1955இல் மறுபடி களமிறங்கி, முப்பதுகளின் நடுவிலும் நாற்பதுகளிலும் வாங்கிய தோல்விகள் அவை. அதற்கு முந்தைய 12 ஆண்டுகளில் 130க்கும் மேற்பட்ட சண்டைகளில் மூன்றே தோல்வி.

அந்த மூன்றில் ஒன்று 1952 ஜூனில் நடந்தது. நியூயார்க்கில் கொளுத்தும் வெயில் காலம். தன்னைவிடக் கனமான ஜோயி மாக்சிமிடம் லைட் ஹெவிவெயிட் எடைப்பிரிவின் பட்டத்துக்காக மோதினார். வெக்கை தாங்காமல் முதலில் விலகியது நடுவர்தான். வேறு நடுவரைக் கொண்டுவந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். புள்ளிகளில் முன்னிலையில் இருந்த ராபின்சனால் 14ஆவது சுற்றுக்கு எழுந்து வர முடியவில்லை. பதிவேட்டில் இதுவும் வெறும் 'தோல்வி' என்றுதான் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு அமெரிக்க வீரர் டெரன்ஸ் கிராஃபோர்ட். 42 சண்டை, 42 வெற்றி, 31 நாக் அவுட். 2025 டிசம்பரில் ஓய்வை அறிவித்துவிட்டார். பாதியில் இருப்பவரை எடைபோடுவதைவிட, கணக்கை முடித்தவரை எடைபோடுவது புதியவர்களுக்கு எளிது.

படி 1: எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

'எக்காலத்துக்கும் சிறந்தவர்' என்ற சொல்லுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. உச்சத்தில் இருந்தபோது அவர் எவ்வளவு திறமைசாலி? யார் யாரை வென்றார்? விளையாட்டையே எவ்வளவு மாற்றினார்? ஒருவர் முதல் கேள்வியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மூன்றாவதுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் விடிய விடியப் பேசினாலும் தீராது. முகமது அலியைப் பற்றிய சச்சரவுகளில் பாதி இப்படித்தான் வருகிறது.

நான் எடுத்துக்கொள்வது இரண்டாவது கேள்வியை. அதற்குத்தான் ஆதாரம் கிடைக்கும்.

படி 2: எதிராளிகளின் பட்டியல் போடுங்கள்

மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான். அவசரப்படாதீர்கள்.

ஒரு தாளில் கட்டம் போட்டு, முக்கியமான பத்து எதிராளிகளின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சண்டை நடந்த ஆண்டு, அன்று அவருக்கு என்ன வயது, அதற்கு முன் யாரை வென்றிருந்தார், யாரிடம் அடி வாங்கியிருந்தார் என்பதை நிரப்புங்கள். கடைசிக் கட்டத்தில் மூன்றில் ஒன்று: வளரும் காலம், உச்சம், இறங்குமுகம்.

வயதை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது, ஆனால் வயதைப் பார்க்காமலும் கூடாது. 1951இல் ராக்கி மார்சியானோ ஜோ லூயிஸை வீழ்த்தினார். பெயரைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அன்று லூயிஸுக்கு வயது 37. ஹெவிவெயிட்டை 12 ஆண்டுகள் ஆண்ட அந்த லூயிஸின் பெயர் மட்டும்தான் அன்று வளையத்தில் இருந்தது.

இப்போது கிராஃபோர்டின் தாளை நிரப்புவோம்.

2014இல் யூரியார்கிஸ் கம்போவா. தோல்வியே காணாதவர், ஒலிம்பிக் தங்கம் வென்றவர். ஆனால் அவர் பெயர் வாங்கியது இரண்டு எடைப்பிரிவு கீழே, ஃபெதர்வெயிட்டில். 2016இல் விக்டர் போஸ்டல், 2017இல் ஜூலியஸ் இண்டாங்கோ: இருவரும் தோற்காத சாம்பியன்கள், நல்ல வெற்றிகள். ஆனால் இருவருமே வரலாற்றில் தனி இடம் பிடித்தவர்கள் இல்லை. 2018இல் ஜெஃப் ஹார்ன். மேனி பாக்கியாவோவை வென்றவர் என்ற பட்டத்தோடு வந்தார். அந்த வெற்றியே சர்ச்சைக்குரியது. 2020இல் கெல் புரூக், வயது 34. அதற்கு முன்பே கெனாடி கோலோவ்கினும் எரல் ஸ்பென்ஸும் அவரை முடித்துவைத்திருந்தார்கள். இறங்குமுகம் என்று தயங்காமல் எழுதலாம்.

2021இல் ஷான் போர்ட்டர். இங்கே பேனாவைக் கொஞ்சம் நிறுத்துங்கள். போர்ட்டரை அதுவரை யாரும் பாதியில் நிறுத்தியதில்லை. ஸ்பென்ஸேகூட 2019இல் அவரை மயிரிழையில்தான் வென்றார். கிராஃபோர்ட் பத்தாவது சுற்றில் முடித்தார், போர்ட்டர் அன்றிரவே ஓய்வை அறிவித்தார். உச்சம் என்று எழுதுவேன், பக்கத்தில் சின்னக் கேள்விக்குறியோடு.

2023 ஜூலையில் ஸ்பென்ஸ். 28-0, வயது 33. மூன்று முறை தரையில் விழுந்தார், ஒன்பதாவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார். 2025 செப்டம்பரில் கனெலோ அல்வாரெஸ். இது அடுத்த படியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

இந்தத் தாளை முடித்தாலே 42 என்ற எண் எவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்பது புரியும். உண்மையில் எடை தாங்குவது நான்கைந்து பெயர்கள்தான். இது கிராஃபோர்டுக்கு மட்டும் நேர்வதல்ல. மேவெதரின் ஐம்பதாவது வெற்றி, தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுவரை ஒரு முறைகூட இறங்காத கானர் மெக்ரிகரிடமிருந்து வந்தது.

படி 3: பெல்ட் கணக்கைச் சுருக்குங்கள்

ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1938இல் ஒரே நேரத்தில் மூன்று எடைப்பிரிவுகளின் பட்டத்தை வைத்திருந்தார். அன்று இருந்ததே எட்டுப் பிரிவுகள். இன்று 17. போதாததற்கு டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று நான்கு அமைப்புகள் ஒவ்வொரு பிரிவுக்கும் ஆளுக்கொரு பெல்ட் (சாம்பியன் பட்டம்) தருகின்றன. 'நான்கு பிரிவுகளில் சாம்பியன்' என்று இன்று கேட்டால், அந்தந்தப் பிரிவின் முதலிடக்காரரை வென்றாரா என்று உடனே கேட்டுவிடுங்கள். நான்கு பெல்ட்டையும் ஒன்றுசேர்த்திருந்தால் அது பெரும்பாலும் உண்மையான வேலை.

கிராஃபோர்ட் இங்கே நன்றாகவே நிற்கிறார். 140 பவுண்ட் எடைப்பிரிவில் 2017இல், 147இல் (வெல்டர்வெயிட்) 2023இல், 168இல் 2025இல் நான்கு பெல்ட்டையும் சேர்த்தார். நான்கு பெல்ட் காலத்தில் மூன்று பிரிவுகளில் இதைச் செய்த முதல் ஆண் அவர்தான். அதுவும் 154இல் ஒரே ஒரு சண்டை போட்டுவிட்டு, நடுவில் இருந்த 160ஐத் தாண்டிக் குதித்து. உலகப் பட்டம் முதலில் வென்றது 135இல். கனெலோவுக்கு அன்று 35 வயது, வேகம் தளர்ந்திருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிராஃபோர்டுக்கும் 37.

படி 4: சண்டையைப் பாருங்கள், சத்தத்தை அணைத்துவிட்டு

வர்ணனையாளர் ஒரு முறை "அருமை" என்றால் போதும், நம் கண்ணும் அப்படியே பார்க்க ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் நீங்களே புள்ளி போடுங்கள்: வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9, கீழே விழுந்தால் வழக்கமாக 8.

ஏன் இந்தச் சிரமம்? 1993இல் 87-0 என்ற கணக்கோடு வந்த ஹூலியோ சீசர் சாவேஸ், பெர்னெல் விட்டேக்கரோடு மோதினார். முடிவு சமன். பார்த்தவர்களில் பெரும்பாலோர் விட்டேக்கர்தான் வென்றார் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பதிவேட்டை மட்டும் படிப்பவருக்கு அந்த இரவு விட்டேக்கரின் தடுமாற்றமாகத் தெரியும். பார்த்தவருக்கு அதுவே அவருடைய மிகச் சிறந்த இரவுகளில் ஒன்று.

பழைய வீரர்களுக்கு இந்தப் படி கைகொடுக்காமலும் போகும். ஹாரி கிரெப் சண்டையிடும் படச்சுருள் எதுவுமே மிஞ்சவில்லை. அங்கே படி 2 மட்டும்தான் துணை.

படி 5: காலத்துக்கு ஏற்பத் திருத்துங்கள்

கிரெப் 1919இல் ஒரே ஆண்டில் 45 முறை சண்டையிட்டார். கிராஃபோர்டின் 17 ஆண்டுத் தொழில் வாழ்க்கையே 42 சண்டைகள். அடிக்கடி சண்டையிடுபவர் காயத்தோடும் களைப்போடும் இறங்குவார், தோற்பார். பழையவர்களின் தோல்விகளை இந்தத் தள்ளுபடியோடு படிக்க வேண்டும். மறுபுறம், இன்றைய வீரர்களின் பயிற்சியும் தயாரிப்பும் மேலானவை என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

விதிகள் மாறியதையும் கவனியுங்கள். 1982இல் தென் கொரிய வீரர் கிம் டுக்கூ, ரே மான்சினியுடன் மோதிய பிறகு இறந்தார். அதன் பின்தான் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12க்கு இறங்கின. அதற்கு முந்தைய ஆண்டு ஷுகர் ரே லெனர்ட், தாமஸ் ஹெர்ன்ஸை 14ஆவது சுற்றில் நிறுத்தியிருந்தார். அதுவரை புள்ளி போடும் மூன்று நடுவர்களின் தாளிலும் லெனர்ட் பின்தங்கியிருந்தார். 12 சுற்று விதி அன்றே இருந்திருந்தால் வரலாறு ஹெர்ன்ஸ் பெயரைச் சொல்லியிருக்கும்.

படி 6: அதே எடையில் ஒருவரோடு மட்டும் ஒப்பிடுங்கள்

ஹெவிவெயிட்டோடு வெல்டர்வெயிட்டை ஒப்பிட்டால் கற்பனைதான் மிஞ்சும். கிராஃபோர்டுக்குப் பக்கத்தில் லெனர்டை வையுங்கள். இருவருமே 147இல் பேர்பெற்று மேலே போனவர்கள். 1979 நவம்பர் முதல் 1981 செப்டம்பர் வரை, இரண்டு ஆண்டுகூட இல்லை, லெனர்ட் தோற்காத சாம்பியன் வில்ஃபிரெட் பெனிட்டெஸை வென்றார், ரோபெர்ட்டோ டூரானிடம் தோற்று அதே ஆண்டில் திருப்பி அடித்தார், தோற்காத ஹெர்ன்ஸை வீழ்த்தினார். 1987இல் மிடில்வெயிட் சாம்பியன் மார்வின் ஹாக்லரையும் வென்றார். இதிலும் குறை உண்டு: இரண்டாவது சண்டைக்கு டூரான் அவசர அவசரமாக எடையைக் குறைத்து வந்தார், ஹாக்லர் சண்டையின் தீர்ப்பு இன்றும் சர்ச்சை. அதையெல்லாம் கழித்த பிறகும் லெனர்டின் தாள் கனமாகவே இருக்கிறது.

படி 7: எதிர்த்தரப்பு வக்கீலாகி, பிறகு தீர்ப்பை எழுதுங்கள்

கிராஃபோர்டுக்கு எதிரான மிக வலுவான வாதத்தை நீங்களே எழுதுங்கள். என்னுடையது இது: 2018 முதல் 2022 வரை, 30 வயதுக்குப் பிந்தைய பொன்னான ஆண்டுகளில், வெல்டர்வெயிட்டின் பெரிய பெயர்களில் பெரும்பாலோர் வேறு புரமோட்டர் (சண்டைகளை ஏற்பாடு செய்பவர்) பக்கம் இருந்தார்கள், சண்டைகள் அமையவில்லை. கடைசியில் வந்த ஸ்பென்ஸ், 2019இல் கார் விபத்தும் 2021இல் விழித்திரைக் காயமும் கண்டவர்.

பதிலும் உண்டு. விபத்துக்குப் பிறகுதான் ஸ்பென்ஸ், டேனி கார்சியாவையும் யோர்டெனிஸ் உகாஸையும் வென்றார். சண்டைக்கு முன் அவரைத் தேய்ந்துபோனவர் என்று சொன்னவர்கள் மிகச் சிலர். தோற்ற மறுநாள்தான் அந்தப் பேச்சு பலமானது. வென்றவரின் பெருமையை எதிராளியின் கணக்கில் கழிக்கும் பழைய தந்திரம் இது, ஏமாறாதீர்கள். ஆனால் புரமோட்டர் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் குற்றமாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் நடக்காத சண்டைக்கு மதிப்பெண் போட முடியாது.

தீர்ப்பு ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும், அதில் ஓர் இடம் குறிப்பிடப்பட்டிருக்கட்டும். என்னுடையது: "கிராஃபோர்ட் எக்காலத்துக்குமான பெருவீரர்களில் ஒருவர், ஆனால் 147இல் லெனர்டுக்குக் கீழே, ராபின்சனுக்கு வெகு கீழே."

அடுத்த தாளை நீங்கள் ஒலெக்சாண்டர் உசிக்குக்குப் போட்டுப் பாருங்கள். 2018இல் குரூசர்வெயிட்டின் நான்கு பெல்ட்டும், 2024இல் டைசன் ஃபியூரியை வென்று ஹெவிவெயிட்டின் நான்கும். பெயர்கள் குறைவு, ஒவ்வொன்றும் கனம். ஃபியூரிக்கு எதிரே கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள் என்பதில்தான் நானும் அந்த நண்பரும் இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறோம்: நான் உச்சம் என்கிறேன், அவர் இறங்குமுகம் என்கிறார்.