ட, ப, ம: ஒன்றாம் வகுப்பில் ஒரு வாரம்

பள்ளி திறந்து நான்கைந்து வாரம் ஆகி, அழுகையெல்லாம் ஓய்ந்து, குழந்தைகள் சுண்ணக்கட்டி பிடிக்கப் பழகிய பிறகு நடத்த வேண்டிய வாரம் இது. தமிழில் ட, ப, ம என்ற மூன்று எழுத்துகளும் அவற்றின் புள்ளி வைத்த வடிவங்களும். கணக்கில் 1 முதல் 5 வரை. புதிதாக வேறெதுவும் இல்லை. அ, ஆ பாட்டாகவும் படமாகவும் தன் போக்கில் போகட்டும்.

இந்த மூன்றை எடுப்பதற்குக் காரணம் வடிவம். மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு என்றால் ட. அதன் முனையிலிருந்து மேலே ஒரு கோடு ஏற்றினால் ப. அந்தக் கடைசிக் கோட்டை மேலே வளைத்து உள்ளே இறக்கினால் ம. ஒன்றைக் கற்றால் அடுத்ததில் பாதி கைக்கு வந்துவிடும். இன்னொரு லாபம், மூன்றாம் நாளே படம், பட்டம், மட்டம், படபட என்று சொல் வாசிக்கலாம். மடமும் வரும்தான். ஆனால் ஆறு வயதுக்குப் பட்டம் தெரிந்த அளவு மடம் தெரியாது, விட்டுவிடுங்கள்.

25 குழந்தைகளுக்குத் தேவையானவை: ஐந்து பழைய எவர்சில்வர் தட்டு, தட்டுக்கு அரைக் கிலோ சலித்த காய்ந்த மணல், 150 புளியங்கொட்டை, 25 கொட்டாங்குச்சி, ஸ்டிக்கர் பொட்டு இரண்டு அட்டை. மாதக் காலண்டரின் பின்பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி எழுத்து அட்டை செய்யலாம். ஐந்து குழுவுக்கும் எழுத்துக்கு மூன்று வீதம் மொத்தம் 45 அட்டை. மணலை அதிகம் கொட்டினால் விரல் தட்டின் அடியைத் தொடாது, எழுத்தும் தெரியாது. அரை சென்டிமீட்டர் போதும். ஈர மணல் விரலில் ஒட்டும். மழை நாளென்றால் ரவையைக் கொட்டிக்கொள்ளலாம்.

திங்கள்

காலை 40 நிமிடம் தமிழ். முதல் பத்து நிமிடம் எழுத்தே வேண்டாம், காதுக்கு மட்டும் வேலை. பல், மணி, படி, மாடு, பந்து, மீன் என்று சொல்லிக்கொண்டே போங்கள். ப-வில் தொடங்கினால் கைதட்ட வேண்டும், ம-வில் தொடங்கினால் உதட்டைத் தொட வேண்டும். இரண்டுக்கும் உதடு மூடுவதால் சிலருக்குக் குழம்பும். மூக்கைப் பிடித்துக்கொண்டு "ம்ம்ம்" சொல்லச் சொல்லுங்கள், சத்தம் நின்றுவிடும். சிரித்துக்கொண்டே வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வார்கள்.

ட-வுக்கு இந்த விளையாட்டு ஆகாது. தமிழ்ச் சொல் ட-வில் தொடங்காது, டம்ளரும் டமாரமும் வெளியிலிருந்து வந்தவை. "ட எங்கே ஒளிந்திருக்கு?" என்று கேட்டு வடை, குடை, ஆடு, வீடு என நடுவிலும் கடைசியிலும் தேட விடுங்கள்.

பிறகு தரையில் ஓர் ஆள் நீளத்துக்கு ட-வும் பக்கத்தில் ப-வும் எழுதி, தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். குழந்தை அந்தப் புள்ளியில் நின்று கோட்டின் மேலே நடக்கட்டும். அடுத்து மணல் தட்டு, அதன் பின் சிலேட்டு. நோட்டு இந்த வாரம் வேண்டவே வேண்டாம். இரட்டைக் கோட்டு நோட்டைச் சீக்கிரம் கொடுத்தால் கவனமெல்லாம் கோட்டுக்குள் அடக்குவதில் போய்விடும், கை இறுகிவிடும். கீழிருந்து மேலே எழுதுகிற பழக்கமும் அப்போதுதான் ஒட்டும். முடிந்த எழுத்தைப் பார்த்தால் இந்தத் தவறு தெரியாது, எழுதும்போது பக்கத்தில் நின்று கையைப் பார்க்க வேண்டும்.

கணக்கு: ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும் குழந்தைக்குக் கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. வாய் ஓடி விரல் பின்தங்குகிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு கொட்டையையும் இடமிருந்து வலமாக நகர்த்தியபடி எண்ணச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். முடிந்ததும் ஐந்தையும் எண்ணியே திருப்பி வாங்குங்கள். அதுவும் பயிற்சிதான். காதிலும் மூக்கிலும் கொட்டை போகாமல் இருக்கவும் அதுவே வழி.

செவ்வாய்

திங்களன்று வராத பிள்ளைகள் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அதனால் முதல் கால் மணி நேரம் நேற்றையதே. ம மட்டும் புதிது. கடைசி வளைவை வெளிப்பக்கம் இழுத்துவிடுவார்கள். "உள்ளே வா, தரையைத் தொடு" என்று கை போகும்போதே சொல்லிக்கொடுங்கள்.

கணக்கில் கொட்டாங்குச்சி விளையாட்டு, இரண்டிரண்டு பேராக. ஐந்து கொட்டையில் சிலவற்றை ஒருவர் மூடி வைக்க, வெளியே இருப்பதைப் பார்த்து உள்ளே எத்தனை என்று மற்றவர் சொல்ல வேண்டும். கூட்டல், கழித்தல் என்ற பெயரே இல்லாமல் இரண்டும் நடந்துவிடும். முதலில் மூன்று கொட்டையோடு ஆடவிட்டுப் பிறகு ஐந்துக்குப் போங்கள். எடுத்த எடுப்பில் ஐந்து என்றால் ஊகித்துத் தள்ளுவார்கள்.

புதன்

காலைச் சிற்றுண்டியில் எது வந்தால் எந்தக் கிழமை என்று அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கே தெரியும். கிழமைப் பெயர்களைச் சொல்லித்தர அதைவிட நல்ல அட்டவணை கிடையாது. கரும்பலகை ஓரம் ஐந்து கட்டம் போட்டு, அந்தந்த நாள் உணவை வரைந்து வையுங்கள்.

வாரத்தின் கடினமான வேலை இன்றுதான், புள்ளி. ம அட்டையின் தலையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். "பொட்டு வச்சா வாய் மூடிக்கும்: ம்." பொட்டை எடுத்தால் ம. ஒட்டி எடுத்து, ஒட்டி எடுத்து, இருபது முறையாவது வாசிக்க வேண்டும். பிறகு ப, ட, ம் மூன்றையும் வரிசையாக வைத்துச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு இடத்தில் தடுக்கும். எழுத்தைத் தனியாகச் சொல்லும்போது ட அழுத்தமாக வரும். படம் என்ற சொல்லிலோ அது மென்மை. அழுத்தமாகவே "ப... ட்ட... ம்" என்று சேர்த்தால் தனக்குத் தெரிந்த படம் அது என்று குழந்தைக்கு உறைக்காது. பேசுகிறபடியே மென்மையாகச் சேர்த்துக்காட்டுங்கள். அழுத்தத்தைப் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ட் வந்தால்தான் அது. இரண்டாவது, பேச்சில் கடைசி ம் மூக்கோடு கரைந்துவிடும், "படோ" என்கிற மாதிரிதான் காதில் விழும். கேட்காத ஒலியைக் குழந்தை எழுதாமல் விடுவதில் வியப்பில்லை. உதட்டை மூடிக் காட்டி இழுத்து முடியுங்கள். வீட்டுப் பேச்சைத் தவறென்று மட்டும் சொல்லாதீர்கள். "நாம பேசறது அப்படி, எழுதறது இப்படி" என்றால் போதும்.

சாப்பாட்டுக்குப் பின் மரத்தடி. வேப்பிலை, புங்க இலை, பூவரசு இலை, கீழே விழுந்தவை மட்டும் ஆளுக்கு ஐந்து. ஓரம் ரம்பம் போல இருப்பவை ஒரு பக்கம், வழவழப்பானவை மறுபக்கம் எனப் பிரிக்கட்டும். பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாமல் அன்றைய பாடம் முடியாது, முன்கூட்டியே பத்து நிமிடம் ஒதுக்கிவிடுங்கள்.

வியாழன்

புதிதாக எதுவும் இல்லை. குழுவுக்கு ஒன்பது அட்டையும் பொட்டும் கொடுத்து, எத்தனை சொல் அடுக்க முடியும் என்று பார்க்கச் சொல்லுங்கள். பொருளில்லாத சொல்லும் வரும், வாசித்துச் சிரித்துவிட்டுப் போகட்டும். எண்களை இன்றுதான் எழுத வைக்க வேண்டும். 2, 3, 5 மூன்றும் திரும்பி நிற்கும். இந்த வயதில் அது நோயுமல்ல, சோம்பலுமல்ல. தவறென்று சுழிக்காமல், தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள். ஆங்கிலத்துக்கு ஸ்டாண்ட், சிட், கம், கோ, ஜம்ப் என ஐந்து கட்டளை, உடம்பால் செய்து காட்டினால் போதும்.

ஒன்று முதல் மூன்று வகுப்புகளை ஒரே ஆசிரியர் பார்க்கும் பள்ளியில், குழந்தைகளைக் கற்கும் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் முறையில், தொடக்க நிலையான அரும்புக் குழந்தைகளுக்கு இந்த அட்டை வேலையைக் கொடுத்துவிட்டு மொட்டு, மலர் பக்கம் போகலாம். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது.

வெள்ளி

மற்றவர்கள் பட்டம் வரைந்து வண்ணம் தீட்டும்போது ஒவ்வொருவராக அழைத்து ஆளுக்கு இரண்டு நிமிடம். படம், பட்டம் வாசிக்க வேண்டும். ம எழுத வேண்டும். நான்கு கொட்டை எண்ணித் தர வேண்டும். 25 பேருக்கு 50 நிமிடம் ஆகும். ஒரே மூச்சில் முடியாது, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் மதிப்பெண் வேண்டாம்: தானாக, உதவியோடு, இன்னும் இல்லை என்று மூன்றே குறி. அட்டை வரிசையை மனப்பாடமாகச் சொல்கிறார்களா என்று சந்தேகமென்றால் பட்டத்தை முதலில் காட்டுங்கள்.

"இன்னும் இல்லை" ஏழெட்டுப் பேரைத் தாண்டினால் அடுத்த வாரமும் இதே மூன்று எழுத்துதான். குறைவென்றால், அவர்களுக்குத் தினம் காலை பத்து நிமிடம் மணல் தட்டும் பொட்டு அட்டையும் தந்துகொண்டே முன்னே போகலாம். அடுத்த எழுத்தாக ய-வை எடுக்காதீர்கள், ப-வோடு குழம்பும். இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். ர வந்தால் மரமும் பம்பரமும் கிடைக்கும். திங்கட்கிழமைக்குள் ஒரு பம்பரமும் சாட்டையும் வாங்கி மேசையில் வைத்துவிடுங்கள்.