பார்சலில் போதைப்பொருள் வந்ததாகக் கைதா? ஜாமீனுக்கு முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

தபால்காரர் பார்சலை நீட்டுகிறார், பையன் கையெழுத்துப் போட்டு வாங்குகிறான், அடுத்த நிமிடம் தெருவில் நின்ற நாலு பேர் வீட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். தபாலில் வந்த போதைப்பொருள் வழக்குகள் பல இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. பார்சல் முன்பே சுங்கத்துறையிடமோ மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவான என்.சி.பி.யிடமோ சிக்கியிருக்கும், யார் வந்து வாங்குகிறார் என்று பார்க்கவே அதைத் தொடர்ந்து அனுப்பியிருப்பார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தில் 50ஏ பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது. வேறு சில வழக்குகளில் வெளிநாட்டு அஞ்சலகத்திலேயே பார்சலைப் பிரித்துவிட்டு, மேலே எழுதியிருக்கும் பெயரையும் செல்போன் எண்ணையும் வைத்து ஆளைத் தேடி வருவார்கள்.

இப்படிக் கைதானவர்களின் வீட்டாரோடு உட்கார்ந்து பேசிப் பேசி எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. "எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்லைங்க" என்பதற்கு நீதிமன்றத்தில் எடை கிடையாது. பார்சலில் இருந்ததன் எடை, பார்சலுக்கும் பையனுக்கும் உள்ள தொடர்பு, காகிதங்களில் உள்ள தேதிகள், இந்த மூன்றையும் வைத்துத்தான் ஜாமீன் மனு நிற்கும் அல்லது விழும்.

முதலில் எடையைப் பாருங்கள். ஏனென்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. 2001 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறிய அளவும் ஒரு வணிக அளவும் சொல்கிறது. கஞ்சாவுக்கு 1 கிலோ, 20 கிலோ. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். கோகைனுக்கு 2 கிராம், 100 கிராம். பார்சலில் அதிகம் வரும் எம்.டி.எம்.ஏ.வுக்கு (எக்ஸ்டசி மாத்திரையில் இருப்பது) அரை கிராம், 10 கிராம். எல்.எஸ்.டி.க்கு வெறும் 2 மில்லிகிராம், 100 மில்லிகிராம். சிறிய அளவு என்றால் அதிகபட்சம் ஓராண்டு தண்டனை, இரண்டுக்கும் நடுவில் இருந்தால் 10 ஆண்டு வரை, வணிக அளவு என்றால் குறைந்தபட்சமே 10 ஆண்டு, அது 20 ஆண்டு வரை போகலாம்.

இங்கே குடும்பத்தினர் ஏமாந்து போகும் இடம் ஒன்று உண்டு. "25, 30 மாத்திரைதானே சார்" என்பார்கள். மாத்திரையில் உள்ள போதை மருந்தை மட்டும் தனியாக எடை போடுவதில்லை, அதோடு கலந்த மாவையும் சேர்த்து மொத்த எடையைத்தான் எடுக்க வேண்டும் என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாத்திரை ஒன்று 0.4 கிராம் என்று வைத்துக்கொண்டால் 26 மாத்திரையில் 10.4 கிராம், வணிக அளவைத் தாண்டியாயிற்று. அதே கணக்கில் 25 மாத்திரை என்றால் சரியாக 10 கிராம், அது வணிக அளவில் வராது. சட்டம் சொல்வது குறிப்பிட்ட அளவுக்கு "மேல்". ஆகவே எல்லையை ஒட்டிய வழக்குகளில் ஒரு மாத்திரைகூட கணக்கு. பொட்டலத்தோடு எடை போட்டார்களா, பொட்டலம் நீக்கியா என்று மகஜரில், அதாவது பறிமுதல் செய்தபோது எழுதிய பதிவில் தேடுங்கள். எல்.எஸ்.டி. ஸ்டாம்ப் (மருந்தைத் தோய்த்த சிறு தாள்) என்றால் தாளின் எடை சேருமா சேராதா என்பதே நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருக்கும் வாதம், அதை விட்டுவிடக் கூடாது. கஞ்சா என்றால் சட்டத்தின் விளக்கப்படி பூவும் காயும் உள்ள நுனிப்பகுதிதான் கஞ்சா. நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. பறிமுதல் செய்ததில் இவை எல்லாம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள்.

எடை வணிக அளவுக்குக் கீழே இருந்தால் மூச்சு விடலாம். 37ஆம் பிரிவின் கடுமை அங்கே கிடையாது. சாதாரண வழக்கைப் போலவே முன் வழக்கு இருக்கிறதா, ஓடிவிடுவாரா, சாட்சியைக் கலைப்பாரா என்றுதான் நீதிபதி பார்ப்பார். வணிக அளவைத் தாண்டினால் 37 வந்து குறுக்கே நிற்கும். அரசு வழக்கறிஞருக்கு எதிர்க்க வாய்ப்பு தர வேண்டும். அவர் எதிர்த்தால், இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் இன்னொரு குற்றம் செய்யமாட்டார் என்று இரண்டையும் நீதிபதி திருப்தியாக உணர வேண்டும். உயர் நீதிமன்றம் போனாலும் இதே நிபந்தனைதான். முன்ஜாமீனும் இந்த வகையில் கிடைப்பது அரிது, 2022இல் சமர்த் குமார் வழக்கில் கொடுத்த முன்ஜாமீனையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

சரி, "குற்றம் செய்யவில்லை என்று நம்பக் காரணம்" என்பதை எப்படிக் காட்டுவது? பார்சல் வழக்கில் இதற்கு உண்மையிலேயே இடம் இருக்கிறது. பார்சலின் மேல் யார் பெயரையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பத்துப் பேர் தங்கும் விடுதியில் ஒருவன் பெயருக்குப் பார்சல் வந்தால் அது அவனுடையதுதான் என்று பெயர் மட்டும் சொல்லிவிடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே வைத்திருந்தாரா என்பதுதான் கேள்வி. குற்ற எண்ணம் இருந்ததாக ஊகிக்க 35ஆம் பிரிவும், கையில் இருந்தால் குற்றமென ஊகிக்க 54ஆம் பிரிவும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊகத்துக்குப் போவதற்கு முன் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்புதான் நிறுவ வேண்டும் என்று 2008இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதனால் வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போதே இந்தக் கேள்விகளுக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பார்சலில் இருந்த பெயரின் எழுத்து, கதவு எண், செல்போன் எண் எல்லாம் இவருடையதுதானா? அந்த எண் யார் பெயரில் வாங்கியது? கையெழுத்துப் போட்டு வாங்கினாரா, அடையாள அட்டை காட்டி அஞ்சலகத்தில் போய் எடுத்தாரா, அல்லது வாங்கவே இல்லையா? வாங்கிய பிறகு பிரித்தாரா? பணம் போன தடம் இவருடைய வங்கிக் கணக்கிலோ கிரிப்டோ கணக்கிலோ இருக்கிறதா? பார்சல் எங்கே இருக்கிறது என்று இவர் போனில் தேடிப் பார்த்திருக்கிறாரா? இதற்கு முன் இதே முகவரிக்கு இதே மாதிரி பார்சல் வந்திருக்கிறதா? இதில் பாதகமான பதில் இருந்தால் அதையும் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரசுத் தரப்பு வாதத்தில்தான் அவர் அதை முதல்முறையாகக் கேட்கிறார் என்றால் மனு அங்கேயே படுத்துவிடும். இன்னொன்று, வீட்டில் இருக்கும் லேப்டாப்பிலோ போனிலோ எதையும் அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் சாட்சியத்தைக் கலைப்பார்கள் என்ற வாதத்துக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி, அதோடு அழித்தவர் மேலும் வழக்கு வரலாம்.

இனி காகிதங்கள். எஃப்.ஐ.ஆர். அல்லது என்.சி.பி., சுங்கத்துறை என்றால் அவர்களுடைய குற்ற எண், ரிமாண்ட் அறிக்கை, மகஜர், கைதுக் குறிப்பு, பார்சலின் மேலட்டையின் நகல், அஞ்சல் தடம் காட்டும் பக்கத்தின் பிரதி, ஆய்வுக்கூட அறிக்கை வந்திருந்தால் அது. இவற்றை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் படிக்கும்போதுதான் விஷயம் தெரியும். உதாரணமாக, அஞ்சல் சீட்டில் பார்சலின் எடை 340 கிராம் என்று அச்சாகியிருக்கிறது, மகஜரிலோ உள்ளே இருந்த பொருள் மட்டுமே 365 கிராம் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 25 கிராம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மனுவின் முதல் பத்தியிலேயே வைக்கலாம். பார்சல் பத்தாம் தேதி சுங்கத்துறை கைக்கு வந்து பதினான்காம் தேதி மகஜர் போட்டிருந்தால், நடுவில் நான்கு நாள் அது யார் பொறுப்பில், எந்த முத்திரையோடு இருந்தது? கைதுக்கான காரணத்தைச் சொன்னார்களா என்றும் பாருங்கள். அது அரசமைப்புச் சட்டத்தின் 22(1) தரும் உரிமை, என்.டி.பி.எஸ். 52ஆம் பிரிவும் அதையே சொல்கிறது, 2025இல் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொன்னது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுக்கச் சொல்லும் 52ஏ பிரிவைப் பின்பற்றவில்லை என்ற ஒரே காரணத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். 2024 டிசம்பரில் காஷிஃப் வழக்கில் அந்தக் குறை மட்டுமே ஜாமீனுக்குப் போதாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே போல 50ஆம் பிரிவு ஆளின் உடலைச் சோதிப்பதற்கு உள்ள பாதுகாப்பு, பார்சலுக்கு அது பொருந்தாது.

விசாரணையில் வாங்கிய வாக்குமூலம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். "அவனே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துட்டானாம்." 2020 அக்டோபர் 29 அன்று தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 67ஆம் பிரிவில் அதிகாரி வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று மூன்று நீதிபதிகளில் இருவர் தீர்ப்பளித்தார்கள். வாக்குமூலத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத வழக்குகளில் இது பெரிய பலம், கூட்டாளி ஒருவர் சொன்ன பெயரால் மட்டும் சிக்கியவர்களுக்கு ரொம்பவும். ஆனால் பார்சல், பணத்தடம், உரையாடல் பதிவு என்று வேறு ஆதாரமும் இருந்தால் இது மட்டும் காப்பாற்றாது. 2022இல் மோஹித் அகர்வால் வழக்கில் உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது அப்படித்தான்.

அப்புறம் நாள் கணக்கு. நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதைத்தான், ரிமாண்ட் ஆன தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகையோ, என்.சி.பி. போன்ற துறைகள் அதற்குப் பதிலாகப் போடும் புகாரோ தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும், 37ஆம் பிரிவு அங்கே குறுக்கே வராது. நடு அளவு என்றால் 60 நாள் என்ற அடிப்படையில் மனு போடுங்கள். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023இல் தீர்ப்பாகியிருக்கிறது. ஆனால் உரிமை தானாக வீடு தேடி வராது, கேட்டால்தான் உண்டு. இதற்கு நம் சென்னை வழக்கே இருக்கிறது. எம். ரவீந்திரன் என்பவர் 2018 ஆகஸ்ட் 4 அன்று ரிமாண்ட் ஆனார், 180 நாள் முடிந்த மறுநாள், 2019 பிப்ரவரி 1 காலையில் மனு போட்டார், வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் அதே நாள் மாலையில் புகாரைத் தாக்கல் செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீனை ரத்து செய்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது, காலையிலேயே மனு போட்டதால். சில மணி நேரம்தான் வித்தியாசம்.

அரசு வழக்கறிஞர் அறிக்கை கொடுத்து 180 நாளை ஓராண்டு வரை நீட்டிக்கக் கேட்கலாம். அந்த அறிக்கையில் விசாரணை எவ்வளவு தூரம் போயிருக்கிறது, ஏன் இன்னும் காவலில் வைக்க வேண்டும் என்று குறிப்பான காரணம் இருக்க வேண்டும், உங்கள் தரப்புக்குத் தெரிவிக்கவும் வேண்டும். 2009இல் சஞ்சய் கேடியா வழக்கில் இது சரியாக நடக்காததால்தான் ஜாமீன் கிடைத்தது. ஆகவே 170ஆம் நாள் வாக்கில் நீட்டிப்பு மனு ஏதும் போயிருக்கிறதா என்று நீதிமன்ற அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டே இருங்கள்.

முதல் மனு தள்ளுபடியானால் எல்லாம் முடிந்ததென்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறப்பு நீதிமன்றத்துக்குப் பிறகு உயர் நீதிமன்றம், தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. வருடக்கணக்கில் விசாரணை இழுத்தால் அதுவே தனிக் காரணமாகும். 2023இல் முகமது முஸ்லிம் வழக்கிலும் ரபி பிரகாஷ் வழக்கிலும், நீண்ட சிறைவாசம் இருக்கும்போது 37 தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அதற்கு ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது, எத்தனை சாட்சியில் எத்தனை பேர் முடிந்தது, தள்ளிப்போட்டது யார் என்று தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். நம் பக்கம் வாய்தா கேட்டுக் கேட்டுத் தள்ளியிருந்தால் இந்த வாதம் செல்லாது.

தமிழ்நாட்டில் இன்னொரு அபாயம் குண்டாஸ். 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளியும் வருகிறார். ஜாமீன் கிடைத்தாலும் குண்டாஸில் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ஆணை வந்த உடனே அரசுக்கும் அறிவுரைக் குழுமத்துக்கும் முறையீடு எழுதுங்கள், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுங்கள். முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம், புரியாத மொழியில் ஆவணம் கொடுத்தது போன்றவற்றால் ரத்தான ஆணைகள் ஏராளம். ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது வெளியே வந்துவிடுவார் என்று சொல்லிக் குண்டாஸ் போடுவதை 2011இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எனவே மனுவை எப்போது போடுவது என்பதையும் வழக்கறிஞரோடு யோசித்து முடிவெடுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் என்பது சட்டப்படியான உரிமை, தயங்க வேண்டியதில்லை. நீதிமன்ற வாசலில் "பி.பி. (அரசு வழக்கறிஞர்) எனக்குத் தெரிஞ்சவர், முடிச்சுத் தர்றேன்" என்று வருபவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ஆணை கிடைத்த அன்றைக்கே பாதிப் பேர் தடுமாறுவது ஜாமீன்தாரர் விஷயத்தில். பெரும்பாலும் இரண்டு பேர் கேட்பார்கள். ஆதார், குடும்ப அட்டை, சொத்து வரி ரசீது அல்லது சம்பளச் சான்று, புகைப்படம் எல்லாவற்றோடும் அவர்களை ஒரு வாரம் முன்பே பேசி வைத்திருங்கள். 180 நாள் முடிந்து கிடைத்த ஜாமீனில் இது இன்னும் முக்கியம், சொன்ன கெடுவுக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவராமல் விட்டு, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் கிடைத்த உரிமையே கைநழுவும். நிபந்தனைகள் தாங்க முடியாதவையாக இருந்தால் மாற்றக் கேட்டு மனு போடலாம். இருக்கும் இடத்தைக் கூகுள் மேப்பில் எப்போதும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2024இல் ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது, அதுவும் ஒரு என்.சி.பி. வழக்குதான். தினமும் காலையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், மாற்றும் வரை ஆணையில் சொன்ன இடத்துக்குப் போய்ப் போட்டுவிடுங்கள், போட்ட பக்கத்தைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு நாள் காய்ச்சலில் போக முடியாவிட்டால் மருத்துவர் சீட்டோடு அன்றே வழக்கறிஞர் மூலம் தெரிவித்துவிடுங்கள்.