பன்சூரி இசைத்தட்டை இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

பழைய எல்.பி. (நீண்ட நேரம் ஓடும்) தட்டில் இந்துஸ்தானிப் புல்லாங்குழலான பன்சூரியைக் கேட்க உட்காரும் பலர் முதல் பக்கத்தில் ஊசியை வைக்கிறார்கள். தாளமே இல்லாமல் நிதானமாக விரியும் ஆலாபனையில் பொறுமை இழந்து எழுந்துவிடுகிறார்கள். தட்டைத் திருப்பிப் போடுங்கள். பல தட்டுகளில் பெரிய ராகம் முதல் பக்கத்தில் இருக்கும். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ‘துன்’ என்னும் சிறு உருப்படி ஒன்று காத்திருக்கும். நாட்டுப்புற மெட்டின் சாயலில், பீலு, பகாடி, கமாஜ் போன்ற ராகங்களில் சுதந்திரமாக வாசிப்பது அது. புதியவருக்கு அதுவே சரியான வாசல்.

படி 1: தட்டைத் தேர்ந்தெடுத்தல்

தயங்காமல் நான் சொல்வது, 1967-ல் பதிவான, எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்தின் ‘கால் ஆஃப் த வேலி’. ஹரிபிரசாத் சௌராசியாவின் பன்சூரி, சிவகுமார் சர்மாவின் சந்தூர் (சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம்), பிரிஜ் பூஷண் காப்ராவின் கிதார் மூன்றும் சேர்ந்து காஷ்மீர இடையன் ஒருவனின் ஒரு நாளைச் சொல்கின்றன. காலைக்கு அஹிர் பைரவ், இடையில் பூப், முடிவில் பகாடி. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு அஹிர் பைரவ் சக்கரவாகமாகவும், பூப் மோகனமாகவும் உடனே பிடிபடும். மும்பை சோர் பஜாரிலும் கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவிலும் பழைய தட்டுக் கடைகளில் தேடிப் பாருங்கள்.

பன்னாலால் கோஷ் (1911–1960) பெயரைப் பார்த்தால் நில்லுங்கள். நீண்ட, கனத்த நாதமுள்ள பன்சூரியைக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர் அவர். ஆனால் அது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டா என்று கவனியுங்கள். அதற்குப் பருமனான தனி ஊசி வேண்டும், எல்.பி. ஊசி பொருந்தாது.

படி 2: சோதித்தல்

விளக்கொளியில் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான கீறலுக்குப் பயப்பட வேண்டாம். நகத்தில் தட்டுப்படும் கீறலைத் தவிருங்கள். அடுத்தது குழலுக்கே உரிய சோதனை. நடுத்துளை சற்றே விலகியிருந்தால் சுருதி அலையும். பாடலில் இது தப்பித்துவிடும். நீண்டு நிற்கும் குழல் ஸ்வரத்தில் தப்பாது. எல்.பி. தட்டு ஒரு முறை சுற்ற 1.8 நொடி ஆகிறது. அதே இடைவெளியில் ஸ்வரம் ஏறி இறங்கினால் அது கமகமல்ல, தட்டின் குறை. கடையில் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

படி 3: சுத்தம் செய்தல்

காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி போதும். பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவில் ஒட்டிய காகிதம் நனையக் கூடாது. 78 சுற்றுத் தட்டில் ஆல்கஹால் பட்டால் அரக்கு கரைந்துவிடும்.

படி 4: ஊசியைச் சரிசெய்தல்

துன் கடைசியில் இருப்பதால் ஒரு சிக்கல் உண்டு. வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும் பள்ளம், நடுவை நெருங்கும்போது சுமார் 21 செ.மீ. மட்டுமே ஓடுகிறது. அதே இசை குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதப்படுவதால், தேய்ந்த ஊசி அங்கே தடுமாறுகிறது. குழலின் மேல் ஸ்தாயி கரகரக்கிறது. ஊசி தட்டை அழுத்தும் எடையை அதன் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவிலேயே வையுங்கள். பல ஊசிகளுக்கு அது 2 கிராம் அளவில் இருக்கும். எடையைக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்ற எண்ணம் தவறு. எடை குறைந்த ஊசி பள்ளத்தில் தத்தித் தத்தி அதன் சுவரைச் சிதைக்கும்.

படி 5: கேட்டல்

முதல் முறை தப்லாவை மட்டும் பின்தொடருங்கள். ஆறு எண்ணி வட்டம் முடிந்தால் தாத்ரா, எட்டு என்றால் கஹர்வா. அடுத்த முறை குழலுக்கு வாருங்கள். துளையை மூடிய விரல் மெல்ல விலகும்போது ஒரு ஸ்வரம் அடுத்த ஸ்வரத்துக்குள் வழுக்கிச் செல்வதைக் கேட்பீர்கள். அதுதான் ‘மீண்ட்’, பன்சூரியின் உயிர். அது காதுக்குப் பழகியபின் பெரிய ராகத்தின் ஆலாபனை நீளமாகவே தெரியாது.

கேட்டு முடித்ததும் தட்டை நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் நாளடைவில் நெளியலாம். உள்ளுறையில் பூஞ்சை இருந்தால் மாற்றிவிடுங்கள். வெளியட்டை கிழிந்திருந்தாலும் எறிய வேண்டாம். ராகம், தாளம், தப்லா வாசித்தவர் பெயர் எல்லாம் பெரும்பாலும் அதன் பின்புறத்தில்தான் அச்சாகியிருக்கும்.