கைப்பிள்ளையிடம் பேசுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள்: முதல் ஆறு மாத விளையாட்டு

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணைச் சுற்றி திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆச்சி, சித்தி, அத்தை, எதிர்வீட்டு அக்கா என்று பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கைகள் நீண்டபடியே இருக்கும். கொஞ்சலும் பேச்சும் தாராளமாகக் கிடைக்கிறது. குறைவது இரண்டு: பிள்ளை பதில் சொல்ல நாம் விடும் இடைவெளி, தரையில் கைகாலை விரித்துக் கிடக்கும் நேரம். இந்தக் குறிப்பு பெரும்பாலும் அந்த இரண்டையும் சரிசெய்வது பற்றியது. காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அநேகமாக ஒன்றுமில்லை.

எப்போது விளையாடுவது

பிறந்த பிள்ளை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். பால் குடிப்பது, அழுவது, அரைத்தூக்கத்தில் கிடப்பது போக, கண்ணை அகல விழித்துக் கைகாலை உதறாமல் அமைதியாகப் பார்க்கும் பொழுது கொஞ்சம்தான். முதல் மாதத்தில் அது ஒரு தடவைக்குச் சில நிமிடம் நீடித்தாலே அதிகம். விளையாட்டு அந்தப் பொழுதில்தான். பால் குடித்து, ஏப்பம் விட்டு, ஈரத்துணி மாற்றிய பிறகு பெரும்பாலும் அது வாய்க்கும். குளிப்பாட்டிய கையோடு விளையாட்டுக் காட்டுவது வீண். எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிய பிள்ளைக்குப் பசியும் தூக்கமும்தான் தெரியும்.

"போதும்" என்பதைப் பிள்ளை தெளிவாகவே சொல்லும். முகத்தைத் திருப்பும், கொட்டாவி விடும், விக்கும், விரல்களை விறைப்பாக விரிக்கும், முதுகை வில்லாக வளைக்கும், புருவம் சிவக்கும். அழுகை கடைசியில்தான் வரும். முகத்தைத் திருப்பியதும் நாமும் அந்தப் பக்கம் போய்க் கூப்பிட்டு, கிலுக்கி, கன்னத்தைத் தட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கிற தவறு. பிள்ளை ஓய்வு கேட்கிறது. பேசாமல், தொடாமல் அரை நிமிடம் இருங்கள். திரும்பிப் பார்த்தால் தொடரலாம், இல்லையென்றால் அன்றைக்கு அந்தத் தடவை முடிந்தது. விருந்தாள் நிறைய வந்துபோன நாளில் சாயங்காலம் பிள்ளை காரணமில்லாமல் அழுதால், கண்ணேறு கழிப்பதற்கு முன் விளக்கைத் தணித்து, ஒரே ஆள் தோளில் போட்டு அமைதியான அறையில் இருந்து பாருங்கள். நிறையப் பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

முகம் பார்த்தல்

புதுப்பிள்ளைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் பால் குடிக்கும்போது தாய் முகம் இருக்கும் தூரம் அது. சுவரில் சாய்ந்து, முழங்காலை மடக்கி, தொடையின் மேல் பிள்ளையை மல்லாக்கக் கிடத்திக்கொள்ளுங்கள். தலை முழங்கால் பக்கம், கால் உங்கள் வயிற்றுப் பக்கம். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் அதற்கு வெறும் இருட்டு.

கண்ணைப் பார்த்ததும், பேசாமல், முகத்தை மெல்ல ஒரு பக்கம் நகர்த்துங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் பத்து எண்ணும் நேரம் ஆகட்டும். முதல் மாதத்தில் கண் கொஞ்ச தூரம் தொடர்ந்துவிட்டு விட்டுவிடும். மூன்றாம் மாத முடிவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தலையும் சேர்ந்து திரும்பும். தொடரவில்லை என்றால் முதலில் நம் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு தூரம், வெளிச்சம், தூக்கம்.

படம் காட்ட விரும்பினால், கெட்டி வெள்ளை அட்டையில் கறுப்பு மார்க்கரால் 2 செ.மீ. அகலக் கோடுகளோ, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டமோ போதும். வாசலில் போடுகிற இழைக் கோலம் இந்த வயதுக் கண்ணுக்கு ரொம்ப நுணுக்கம். மூன்று மாதம் தாண்டியதும் அட்டையை விட்டுவிட்டு, பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் துணி காட்டலாம்.

பேச்சு: ஒரு வரி, ஒரு காத்திருப்பு

எல்லா விளையாட்டிலும் பெரியது இதுதான். செய்முறை எளிது, பழகுவதுதான் கடினம். "என்னல, முழிச்சிட்டியா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடி, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிள்ளையின் மூளைக்குக் கேட்டதை வாங்கி, உடம்பைத் திரட்டிப் பதில் தர அவ்வளவு நேரம் ஆகும். பதில் சத்தமாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. வாய் குவிப்பது, கால் உதைப்பது, கண் பெரிதாவது எல்லாமே பதில். அது "ஊ" என்றால் நீங்களும் அதே நீளத்தில் "ஊ" சொல்லி மறுபடி காத்திருங்கள். இரண்டாம் மாத வாக்கில் முகம் பார்த்துச் சிரிப்பும், உயிரெழுத்து ஓசைகளும் வந்துவிடும். அதன்பின் இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒரே மூச்சில் ஐந்தாறு தடவை நடக்கும்.

ஆச்சிமார் குரலை உயர்த்தி, இழுத்து, ராகம் போட்டுப் பேசுவதைக் கேலி செய்ய வேண்டாம். பிள்ளையின் காதுக்கு அந்தப் பேச்சுதான் எளிதாகப் பிடிபடும். ஆனால் அவர்களும் நிறுத்தாமல் பொழிந்துகொண்டே போவார்கள். "ஆச்சி, கொஞ்சம் நிறுத்துங்க, அவ என்ன சொல்லுதான்னு பாப்போம்" என்று சொல்லிவைத்தால் போதும், அடுத்த தடவை அவர்களே காத்திருப்பார்கள்.

எண்ணெய் தேய்க்கும் நேரத்தையும் பேச்சுக்குப் பயன்படுத்துங்கள். "இது கை… இது முட்டு… இப்ப கால மடக்கப் போறேன்" என்று செய்வதற்கு முன் சொல்லி, பிறகு செய்யுங்கள். இரண்டு காலையும் மாற்றி மாற்றி வயிற்றுப் பக்கம் மடக்கி நீட்டுவதும் நல்லது. மூக்கைப் பிடித்து இழுப்பது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது வேண்டவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

டி.வி. ஓடிக்கொண்டிருந்தால் வீட்டில் பெரியவர்கள் பிள்ளையிடம் பேசுவது தானாகக் குறைந்துவிடும். ஒரு வயது வரை திரை எதுவும் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன பரிந்துரை. துபாயிலோ சென்னையிலோ இருக்கும் அப்பா வீடியோவில் கூப்பிடுவது வேறு கணக்கு, அங்கே பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். சில நிமிடம் போதும். அப்பாவும் ஒரு வரி சொல்லிவிட்டுக் காத்திருக்கட்டும்.

குப்புறக் கிடத்துதல்

"கழுத்து நிக்காத பிள்ளைய குப்புறப் போடலாமா?" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். குப்புறக் கிடந்து பழகித்தான் கழுத்து நிற்கிறது. தூங்கும்போது எப்போதும் மல்லாக்கத்தான், அதில் விலக்கே கிடையாது. அதனாலேயே விழித்திருக்கும்போது குப்புறக் கிடத்துவது அவசியம். இல்லையென்றால் பின்னந்தலை தட்டையாகும், தோளும் கழுத்தும் வலுப்பட நாளாகும்.

முதல் இரண்டு மூன்று வாரம் தரை வேண்டாம், உங்கள் நெஞ்சு போதும். தலையணை வைத்துச் சாய்ந்து படுத்து, பிள்ளையை நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுப் பேசுங்கள். குரல் வரும் பக்கம் தலையைத் தூக்கப் பார்க்கும், ஒரு நொடி தூக்கி விழும். அதுதான் பயிற்சி. அப்பாவுக்கு இது நல்ல வேலை. உங்களுக்குக் கண் சொருகினால் மட்டும் உடனே பிள்ளையை எடுத்து வேறிடத்தில் கிடத்திவிடுங்கள்.

பிறகு தரை. பத்தமடைப் பாய் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும், சமமாகவும் அமுங்காமலும் கிடக்கும். கோரை முனை குத்தாமலிருக்க அதன்மேல் மடித்த பழைய வேட்டியைச் சுருக்கமில்லாமல் விரியுங்கள். மெத்தை, தலையணை, கட்டில் மூன்றும் ஆகாது. மெத்தையில் முகம் புதையும், கை ஊன்றவும் பிடிப்பிருக்காது. பால் குடித்து அரைமணி நேரம் கழியட்டும். குற்றாலத் துண்டு ஒன்றை 7, 8 செ.மீ. தடிமனுக்கு உருட்டி, நெஞ்சுக்குக் கீழே, அக்குளோடு வைத்து, இரண்டு கையையும் உருளைக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். நீங்களும் தரையில் படுத்து முகத்துக்கு நேர் முகம் வையுங்கள். மேலே நின்று கூப்பிட்டால் பிள்ளைக்கு உங்கள் கால்தான் தெரியும்.

ஒரு தடவைக்கு ஒன்று, இரண்டு நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை என்று தொடங்குங்கள். நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து அரைமணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பது இலக்கு. மூன்றாம் மாதத்துக்குள் அங்கே வந்துவிடலாம். முன்னால் பளபளப்பான எவர்சில்வர் தாம்பாளத்தைச் சாய்த்து நிறுத்தினால் தன் முகம் பார்க்கத் தலை இன்னும் கொஞ்சம் எழும்.

போட்டதும் கத்துகிறதா? உருளை வயிற்றுக்குக் கீழே நழுவியிருக்கும், அல்லது கை பின்னால் மாட்டியிருக்கும், அல்லது பால் குடித்து நேரமாகியிருக்காது. மூன்றும் சரியென்றால் பக்கவாட்டில் கிடத்தி, முதுகுக்குத் துண்டு கொடுத்துப் பழக்குங்கள். எப்போதும் ஒரே பக்கமே தலை சாய்த்தால் மறுபக்கத்தில் நீங்கள் படுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் திரும்பவில்லை என்றால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். அப்படியே தூங்கிவிட்டால் மல்லாக்கத் திருப்பிவிடுங்கள். ஒரு நொடிகூடத் தனியே விட்டுப் போகாதீர்கள்.

பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று பெயர்: கைகளைத் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டி, தலை நிமிர்த்தி ஆடும் பருவம். பாயில் தினமும் கிடந்த பிள்ளை அந்த நிலைக்கு வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

சேலைத் தொட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் இடிக்கும், இரு பக்கமும் துணி மறைக்கும், கையை விரிக்க இடமிருக்காது. தூக்கத்துக்குச் சமதளமே பாதுகாப்பு. விழித்த பிள்ளையை அதில் போட்டு ஆட்டிக்கொண்டே இருப்பது அதன் விளையாட்டு நேரத்தைப் பறிப்பது. மடியோ, தொட்டிலோ, தூக்குப் பையோ, அசைய இடமில்லாமல் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

கையும் காதும்

முதல் இரண்டு மாதம் விரல்கள் மூடியே இருக்கும். உங்கள் சுண்டுவிரலைக் கொடுத்தால் பிடிக்கும், அதுவே போதுமான விளையாட்டு. கீறிக்கொள்ளும் என்று நாள் முழுக்கக் கையுறை மாட்டிவைத்தால் கையால் அறியவேண்டியது எல்லாம் தடைப்படும். தூங்கும்போது நகத்தை வெட்டிவிட்டுக் கையைத் திறந்துவிடுங்கள். ஈரிழைத் துண்டின் சொரசொரப்பு, பருத்திச் சேலையின் மென்மை, எவர்சில்வர் கரண்டியின் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள்.

மூன்று மாதத்தில் கிலுகிலுப்பை. பனையோலையில் பின்னியது எடை குறைவு, கை தவறி முகத்தில் விழுந்தாலும் அடிபடாது. வாங்கியதும் ஓலை முனைகள் உள்ளே செருகியிருக்கிறதா, உள்ளே இருக்கும் கல்லோ விதையோ வெளியே வருமா, ஈரத்துணியால் துடைத்தால் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். எச்சில் ஊறிப் பூஞ்சை பிடித்ததைத் தூக்கிப் போடுங்கள். நான்காம் மாதத்தில் கையில் திணிக்காமல், நெஞ்சுக்கு நேரே எட்டும் தூரத்தில் பிடித்துக் காத்திருங்கள். இரண்டு கையும் தடுமாறி வந்து சேர அரை நிமிடம்கூட ஆகலாம்.

பிடித்தது எல்லாம் வாய்க்குப் போகும், போகட்டும். ஆனால் எந்தப் பக்கமும் 4.5 செ.மீ.க்குக் குறைந்த பொருள் கைக்கு எட்டக் கூடாது. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் அழகுதான், மூன்று வயதுக்கு மேல் எடுத்துக் கொடுங்கள். மணிக்கட்டில் கட்டும் பாசிமணி, வசம்பு வளையல், கழுத்துக் கயிறு ஆகியவற்றையும் கழற்றிவிடுங்கள். கையைச் சப்பும் வயதில் மணி அறுந்து தொண்டைக்குப் போகும், கயிறு கழுத்தை இறுக்கும்.

காதுக்கு, பிள்ளை பார்க்காத பக்கம், காதிலிருந்து ஒரு முழம் தள்ளி மெல்லக் கிலுக்குங்கள். முதல் மாதங்களில் உதறலோ, சப்புவதை நிறுத்துவதோதான் பதில். நான்கு, ஐந்து மாதத்தில் சத்தம் வந்த பக்கம் தலை திரும்பும். கோயில் கொடை நாட்களில் ஒலிபெருக்கியும் வெடியும் வீட்டு வாசல் வரை வந்துவிடும். அந்த மூன்று நாளும் பிள்ளையைத் தெருவோர அறையிலிருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள், மேளத்துக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

எப்போது காட்ட வேண்டும்

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, பெரிய சத்தத்துக்கு உதறவில்லை, நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறது, உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது, நான்கு மாதத்துக்குப் பிறகும் மாறுகண் தெரிகிறது என்றால் "எங்க மாமாவும் லேட்டாத்தான் பேசுனான்" என்று காத்திருக்காதீர்கள். கண்மணியில் வெள்ளை தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது தாய் சேய் நல அட்டையை எடுத்துச் சென்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கலாம். பிறந்ததும் காது சோதனை செய்யாமல் விட்டிருந்தால் அதையும் அப்போதே கேளுங்கள். அடுத்த கட்டத்துக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு இருக்கிறது.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மேலே சொன்ன மாதக் கணக்கைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது, டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். எட்டு வாரம் முன்னால் பிறந்து இப்போது நான்கு மாதமான பிள்ளைக்கு விளையாட்டுக் கணக்கில் இரண்டு மாதம்தான். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியே கணக்கு.