ரைசன் செயலியில் மின்னழுத்தத்தைக் குறைத்தபின் கணினி நின்றுபோனால்

ரைசன் 5000 வரிசைச் செயலியில் கர்வ் ஆப்டிமைசர் (ஒவ்வொரு கோரின் மின்னழுத்தத்தையும் படிப்படியாக மாற்றும் வசதி) மூலம் எல்லாக் கோர்களுக்கும், அதாவது செயலிக்குள் உள்ள கணிப்பு அலகுகளுக்கும், மைனஸ் 30 படி வைத்த பிறகு, மணிக்கணக்கில் வீடியோ ரெண்டரிங் செய்தபோதும் தடுமாறாத கணினி, பிரவுசர் மட்டும் திறந்திருக்கும் வேளையில் திடீரென ரீஸ்டார்ட் ஆவதுண்டு. சுமை குறைவாக இருக்கும்போதுதான் ஒற்றைக் கோர் தன் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. அந்த வேகத்துக்கு வேண்டிய மின்னழுத்தத்தையே நாம் குறைத்துவிட்டோம். ஆகவே முழுச்சுமைச் சோதனையில் தேறியதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

முதலில் ரேமை இயல்பைவிட வேகமாக ஓடவைக்கும் எக்ஸ்எம்பி (XMP) அமைப்பை அணைத்துப் பாருங்கள். கோளாறு அங்கேயும் இருக்கலாம். அப்போதும் நின்றுபோனால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில், வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் வியா-லாகர் (WHEA-Logger) பதிவு செய்த 18 என்ற எண்ணுள்ள பிழையைத் தேடுங்கள். அதில் ‘ஏபிக் ஐடி’ (APIC ID, திரெட்டின் அடையாள எண்) 4 அல்லது 5 என்றிருந்தால், ஒரு கோருக்கு இரண்டு திரெட் (ஒரே கோரில் ஓடும் வேலை இழை) என்ற கணக்கில், எட்டுக் கோர் செயலியில் தடுமாறியது கோர் 2 (எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது). பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) அந்தக் கோரை மட்டும் மைனஸ் 25-க்குக் கொண்டுவாருங்கள். ஒரு படி என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் என்பதால், இந்தச் சிறு மாற்றமே பல நேரங்களில் போதுமானதாக இருக்கும்.

பின்னர், கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கோர்சைக்ளர் (CoreCycler) என்ற மென்பொருளை ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். அதற்கு முன் முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு வட்டில் நகலெடுத்து வைப்பதை அருள்கூர்ந்து தவிர்க்காதீர்கள்.